பழைய கார்: எஞ்சினையும் பூட்டையும் மாற்றுவதற்கு முன்

ஐதராபாதின் பாலாநகர்ப் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மூன்று சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் பட்டறையில் விட்டு எஞ்சினை மாற்றியிருப்பார். 15 ஆண்டு முடிந்து ரினியூவலுக்குப் போகும்போது, எஞ்சினில் பொறித்த நம்பர் ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொருவர் ஒற்றைச் சாவியோடு கார் வாங்கியிருப்பார். வண்டி திருடுபோனதும் “இன்னொரு சாவி எங்கே?” என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். மூன்றாமவர் காரை விற்றுப் பல வருடம் ஆகியிருக்கும். விபத்து வழக்கின் நோட்டீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டும். உரிய நேரத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் மூன்றுமே வந்திருக்காது.

இரும்பு வேலைக்குப் பாலாநகரில் குறைவே இல்லை. 1968இல் தொடங்கிய மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. லேத் பட்டறைகளும் மெக்கானிக் கடைகளும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. காகிதம்தான் அப்படியே நின்றுவிடுகிறது.

முதலில் கோளாறு எது?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் “எஞ்சின் போச்சு” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சாவியைத் திருகும்போது ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் பார்க்க வேண்டியவை. டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால், சாவிக்குள் இருக்கும் சிப்பை இம்மொபிலைசர் அடையாளம் காணவில்லை என்று பொருள். அது எஞ்சின் கோளாறே இல்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் வர வேண்டும். எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சின் நம்பர்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

ரீபோர் செய்தாலும் பிஸ்டன், ரிங் மாற்றினாலும் எஞ்சின் நம்பர் மாறாது. நம்பர் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். பிளாக்கையோ முழு எஞ்சினையோ மாற்றினால் நம்பரும் மாறிவிடுகிறது. பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. “பழைய எஞ்சின், நல்ல கண்டிஷன்” என்றால் போதும், பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால், போலீஸ் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வண்டியின் உரிமையாளர்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆகவே எஞ்சினை மாற்றுவதற்கு முன்பே உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஏ. அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் கேளுங்கள். மாற்றிய 14 நாள்களுக்குள் ஆர்.சி.யில் பதியவும் விண்ணப்பியுங்கள். கையில் இருக்க வேண்டியவை: எஞ்சின் நம்பர் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, சேஸிஸ் நம்பரும் புதிய எஞ்சின் நம்பரும் எடுத்த பென்சில் பிரின்ட். பழைய எஞ்சின் என்றால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரமும் வேண்டும். அந்த எஞ்சின் அதே கம்பெனி, அதே மாடல், அதே எரிபொருளாக இருக்கட்டும். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பழைய எஞ்சின் வாங்கும் முன் அந்த வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண்ணை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் புகார் எதுவும் பதிவாகவில்லை என்றால் அதற்கான என்.ஓ.சி.யை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பட்டறையில் வண்டியை விடும்போதே உங்கள் எஞ்சின் நம்பரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்ப எடுக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூட்டும் சாவியும்

இக்னிஷன், கதவுகள், டிக்கி என ஒரே சாவிக்குத் திறக்கும்படிதான் கம்பெனியில் லாக் செட் வருகிறது. இக்னிஷன் பூட்டை மட்டும் மாற்றினால் இரண்டு சாவிகள் ஆகிவிடும். பழைய சாவி கதவை இன்னும் திறக்கும். சாவி தொலைந்தோ திருடுபோயோ இருந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். புதிய கார் வாங்கும்போது தரும் சிறிய தகட்டில் சாவியின் கோட் எண் இருக்கும். பழைய கார் வாங்கும்போது அதையும் கேட்டு வாங்குங்கள். சிப் உள்ள சாவி என்றால், வெட்டிக் கொடுப்பதோடு வேலை முடியாது. இம்மொபிலைசரில் அதைப் பதிய வேண்டும். பழைய சாவியின் பதிவை நீக்கவும் சொல்லுங்கள். தெருவோரச் சாவிக்கடையில் ஆர்.சி.யையும் காரையும் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பூட்டு மாற்றிய பில்லையும் அந்த ஒப்புகையையும் இணைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒற்றைச் சாவியோடு கார் வாங்கினால், மற்றது தன்னிடம் இல்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். திருட்டு க்ளெய்மில் எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள். அப்போது இந்தக் காகிதங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

விற்றவரும் வாங்கியவரும்

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள் அவகாசம். அதை மாற்றாவிட்டால் திருட்டுக்கும் சொந்த சேதத்துக்கும் க்ளெய்ம் கிடைப்பது கடினம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பலமுறை கைமாறிய ஒரு காரின் விபத்துக்கு ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஏஜென்ட்டிடம் கொடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

டி.என். பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்குவது 47ஆம் பிரிவின்படி கட்டாயம். தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் என்.ஓ.சி. பெற்று, இங்கே படிவம் 27 கொடுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் அதை முதலில் ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு என்.ஓ.சி. கேளுங்கள். வரிசை மாறினால் இரண்டு ஊருக்கும் அலைய வேண்டிவரும்.

மறுத்தால் என்ன செய்வது?

“நாளை வா” என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ஆர்.டி.ஏ. கவுன்டரில் வாயால் கெஞ்சி நேரத்தைக் கழிக்காதீர்கள். மனுவுக்குத் தேதியிட்ட ஒப்புகை கேளுங்கள். அதன் பிறகும் நகரவில்லை என்றால், விண்ணப்பத்தின் நிலை என்ன, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தருவது அவர்கள் கடமை. குடிமகனைக் காத்திருக்க வைப்பதை அதிகாரமாக நினைக்கும் ஊழியர்கள் எழுத்துக்குத்தான் அசைகிறார்கள்.

பட்டறை ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். தீரவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் பில் வேண்டும். பில் இல்லாமல் வேலையைச் செய்வித்துவிட்டு நியாயம் கேட்டுப் பயனில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஐதராபாதில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் செல்லலாம். அதற்கு ஓராண்டு அவகாசம், கட்டணம் கிடையாது.

மறுபடியும் சொல்கிறேன்: எஞ்சின் நம்பர் மாறினால் 14 நாளுக்குள் ஆர்.சி.; சாவி தொலைந்தால் அன்றே போலீஸ் மனு; பூட்டு மாறினால் இன்சூரன்ஸுக்கு மின்னஞ்சல். பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றே ஆர்.சி.யை எடுத்து, பானெட்டைத் திறந்து, இரண்டு நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ரினியூவல் தேதி வரும்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே ஆர்.டி.ஏ.வுக்குப் போங்கள்.