ரிட்டிகல உச்சிக்கு டிக்கெட் கிடையாது

நீண்ட விடுமுறை வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வான் பிடித்துத் திருகோணமலைக்குப் போவது பழைய வழக்கம். இப்போது இளம் பிள்ளைகள் அந்தப் பயணத்தில் மலையேற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹபரணைப் பக்கத்து ரிட்டிகல மலைதான் பலரின் குறி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு அது என்பது கதை. காணொளி பார்த்த தைரியத்தில், பாட்டா செருப்போடும் அரைப் போத்தல் தண்ணீரோடும் காட்டுக்குள் நுழைகிறார்கள். கூட வரும் பெரியவர்களும் தடுப்பதில்லை.

அடிவாரத்திலுள்ள பழைய பிக்குகள் மடத்தின் இடிபாடுகளையும் கல் பாவிய பாதையையும் பண்டா பொக்குண குளத்தையும் தாராளமாகப் பார்க்கலாம். அவை தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பு. ஆனால் 766 மீற்றர் உயர மலை 1941 முதல் கடும் இயற்கை ஒதுக்கிடம். ஹக்கல, யால, ரிட்டிகல என்று நாட்டில் அப்படி மூன்றே இடங்கள் உண்டு. சுற்றிப் பார்க்க அங்கே யாருக்கும் அனுமதியில்லை. ஆராய்ச்சிக்கென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். இடிபாடுகளுக்கு வாங்கிய டிக்கெட் உச்சிக்குச் செல்லாது. "நான் கூட்டிப் போறேன்" என்று காசு கேட்கும் ஆளின் வாய்ச்சொல்லும் செல்லாது. பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான்.

மலை ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் நக்கிள்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. இராவணன் கதைகள் சுற்றும் லக்கேகலவும் யகங்கலவும் அந்தத் தொடரில்தான். அது வனத் திணைக்களத்தின் கீழ் வரும் வேறு காடு, டிக்கெட்டும் வேறு. இரண்டு திணைக்களங்களின் தலைமை அலுவலகமும் பத்தரமுல்லையில் இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். வனத் திணைக்களம் சம்பத்பாயவில். வனசீவராசிகள் திணைக்களம் ஜயந்திபுரவில். வெள்ளவத்தையிலிருந்து 100 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டியில் இறங்கி 177 எடுத்தால் பத்தரமுல்லை. நக்கிள்ஸ் காட்டில் இராத்தங்க நினைத்தால் வனத் திணைக்களத்தில் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். போகிறவர்களின் பெயர், அடையாள அட்டைப் பிரதி, திகதி, பாதை, வாகன இலக்கம் எல்லாவற்றோடும் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. வாங்க மறுத்தால் திகதியையும் அலுவலரின் பதவியையும் குறித்துக்கொண்டு, இராஜகிரியவிலுள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். 1987இல் தமிழ் அரசகரும மொழியானது. இன்றும் எச்சரிக்கைப் பலகைகளில் தமிழைத் தேட வேண்டியிருப்பது உயிரோடு விளையாடும் அசட்டை.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்ததைக் கண்ட பின்னும் மழையில் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வான்காரனுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். போகும்போது பாதையையும் வழிகாட்டியின் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள். அந்த நேரம் தாண்டினால் வீட்டார் 119ஐ அழைக்கட்டும். வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள்; நக்கிள்ஸ் ஓடைகள் பல நேரே அருவியில் போய் விழும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். 1990 அம்பியுலன்ஸ் இலவசம்தான், ஆனால் வீதிவரைதான் வரும். ஆகவே அருகிலுள்ள வீதியின் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள்.

விபத்துக்குப் பின் பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்புறுதிக்கு அந்த வாக்குமூலத்தின் பிரதி தேவைப்படும்.

திரும்பவும் சொல்கிறேன்: ரிட்டிகல உச்சிக்குக் கூட்டிப் போவதாக யார் சொன்னாலும், வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் இடிபாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.