வருமான வரிச் சலுகை: குடும்பச் சுமை கணக்கில் வருகிறதா?

ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் வருமான வரி கட்டத் தேவையில்லை என்று 2025 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மாதச் சம்பளக்காரர்களுக்கு 75 ஆயிரம் ரூபாய் நிலையான கழிவும் உண்டு. எனவே அவர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிவாரணம்தான். ஆனால் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் கணவரும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். இருவருக்கும் ஆண்டுச் சம்பளம் தலா 8,37,500 ரூபாய். இருவரும் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டாம். பக்கத்து வீட்டில் கணவர் மட்டும் சம்பாதிக்கிறார். அவர் சம்பளம் 16,75,000 ரூபாய். இரண்டு வீட்டுக்கும் மொத்த வருமானம் ஒன்றுதான். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்குப் படிப்படியாக வரி விழும். செஸ் உட்பட அவர் கட்ட வேண்டியது 1,24,800 ரூபாய்!

காரணம், சட்டம் சம்பாதிக்கும் ஆளைப் பார்க்கிறதே தவிர, அவரை நம்பி வாழும் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. வயதான பெற்றோர், படிக்கும் பிள்ளைகள், வீட்டைக் கவனிக்கும் மனைவி என எத்தனை பேர் இருந்தாலும் வரி ஒன்றுதான். அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்யலாம். நம் நாட்டில் அந்த வசதி இல்லை.

பழைய முறையில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்குக் கழிவு உண்டு. புதிய முறையில் இவை இல்லை. அதேசமயம், பழைய முறையின் பெரிய கழிவுகளில் ஒன்று, 2 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வட்டிக்கானது. வட்டியைத் தவிர்த்து வாழும் குடும்பங்களுக்கு அதனால் பயன் இருந்ததில்லை. அவர்களில் பலருக்குப் புதிய முறையே லாபம்.

எனவே சீர்திருத்தம் நல்லது. நியாயம் இன்னும் முழுமையாகவில்லை. ஒருவர் உழைப்பில் பலர் வாழும் வீட்டுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் ஆண்டுதோறும் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். நாமாகத் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறையே பொருந்தும். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.