வீட்டுப் பெண் நாய்க்குக் கருத்தடை: சரியான நேரம் எது?

"நம்ம நாய்க்கு ஆறு மாசம் ஆகுது. இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாமா? இல்ல, ஒரு தடவை குட்டி போட்டதுக்கு அப்புறம் பண்ணலாமா?"

பெண் நாய் வளர்க்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. எல்லா நாய்க்கும் பொருந்துகிற ஒரே தேதி இதற்குக் கிடையாது. நாயின் உடல் எடை, அது பருவத்துக்கு வந்த நாள், உங்கள் வீட்டுச் சூழ்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நாய்க்கான பதில் கிடைத்துவிடும். ஆனால் அந்த முடிவை நாய்க்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால், உங்களுக்குப் பதிலாகத் தெருவில் சுற்றும் ஆண் நாய் முடிவு எடுத்துவிடும்!

நம்ம ஊரில் ஏன் கூடுதல் கவனம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் பல வீடுகளில் கணவன், மனைவி இருவருமே ஷூ கம்பெனிக்கோ டேனரிக்கோ வேலைக்குப் போகிறவர்கள். காலையில் போனால் மாலைதான் திரும்புவார்கள். அதுவரை நாய் வீட்டில் தனியாக இருக்கும். வெளியே இறைச்சிக் கடை, பிரியாணிக் கடைக் கழிவை நம்பி வாழும் தெருநாய்கள் இருக்கும். பருவத்துக்கு வந்த பெண் நாயின் வாசனை கிடைத்துவிட்டால், இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அதன் பிறகு பிறக்கும் குட்டிகளில் ஆண் குட்டியைக் கேட்டு வாங்கிப் போக ஆள் வருவார்கள். பெண் குட்டிகள் மிஞ்சும். கடைசியில் யாராவது அவற்றைப் பாலாற்றங்கரையிலோ, ஊருக்கு வெளியே ஒரு சுவரோரத்திலோ விட்டுவிடுவார்கள். பிழைத்த குட்டிகள் தடுப்பூசி இல்லாமல் வளரும். அடுத்த வருஷமே அவையும் குட்டி போடும். தெருநாய்ப் பிரச்சினையில் ஒரு பங்கு இப்படி வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

பருவம்: தெரிந்துகொள்ள வேண்டியவை

பெண் நாய் பொதுவாக 6 முதல் 12 மாத வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். பெரிய உடல்வாகு உள்ள இனங்களுக்கு ஒரு வருஷம் தாண்டியும் ஆகலாம். பிறப்புறுப்பு வீங்குவதும் ரத்தம் கசிவதும் முதல் அறிகுறிகள். ஒரு பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும்.

பலர் ஏமாந்துபோவது இரண்டாவது வாரத்தில்தான். ரத்தக் கசிவு குறைந்து நிறம் வெளுக்கும். "சரி, முடிஞ்சிடுச்சு" என்று நினைத்து நாயை அவிழ்த்து விடுவார்கள். உண்மையில் அது ஆண் நாயை ஏற்றுக்கொள்ளும் நாட்கள் அவைதான். முழுசாக மூன்று வாரமும் நாயைக் கதவு பூட்டிய அறைக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு. தப்பித்தவறி வெளியே போய் இணை சேர்ந்துவிட்டால், நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்த வயதில் செய்யலாம்?

வளர்ந்த பிறகு 20 கிலோவுக்குள் இருக்கும் நாய்: நம்ம நாட்டு நாய்களில் பெரும்பாலானவை, பொமரேனியன், ஸ்பிட்ஸ் எல்லாம் இந்த வகை. முதல் பருவத்துக்கு முன்பே, அதாவது 5 முதல் 6 மாதத்தில் செய்யலாம் என்பது கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான வழிகாட்டுதல்.

20 கிலோவைத் தாண்டும் நாய்: லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் போன்றவை. இவற்றுக்கு 5 முதல் 15 மாதம் வரை கால இடைவெளி உண்டு. எலும்பு வளர்ந்து முடிவதற்குள் செய்தால் சில பெரிய இனங்களில் மூட்டுக் கோளாறும், வயதான பின் சிறுநீர் கசிவும் கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் சரியான மாதத்தை மருத்துவருடன் பேசி முடிவு செய்யுங்கள். காத்திருப்பது என்றால், இடையில் வரும் பருவத்தில் நாயைப் பத்திரமாகப் பூட்டி வைக்க உங்களால் முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நாய்: "வயசாயிடுச்சே, இனிமே எதுக்கு?" என்று விட்டுவிட வேண்டாம். கருத்தடை செய்யாத நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். சுவீடன் நாட்டில் காப்பீடு செய்த நாய்களை வைத்து நடந்த ஆய்வில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இந்த நோய் வந்தது. பருவம் முடிந்த சில வாரங்களில் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, துர்நாற்றத்தோடு சீழ் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சில சமயம் சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும். அது இன்னும் ஆபத்து.

மடியில் வரும் கட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருத்தடையே செய்யாத நாய்க்கு உள்ள ஆபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் பருவத்துக்கு முன் செய்தால் அந்த ஆபத்தில் 0.5 சதவீதமும், முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8 சதவீதமும், இரண்டாவதுக்குப் பின் செய்தால் 26 சதவீதமும்தான் மிஞ்சுகிறது என்றது. பல காலம் எல்லோரும் சொன்ன கணக்கு இதுதான். ஆனால் 2012இல் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுபடி அலசிப் பார்த்தவர்கள், இதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவானது இல்லை என்றார்கள். எனவே இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம். இதை மட்டுமே வைத்து அவசரப்பட வேண்டாம்.

எப்போது தள்ளிப்போட வேண்டும்?

பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அப்போது செய்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும் என்பதால், பருவம் முடிந்து 2 முதல் 3 மாதம் கழித்து வரச் சொல்வார்கள். குட்டி போட்டிருந்தால், குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய பிறகு செய்யலாம். காய்ச்சல், கழிச்சல், உண்ணிக் காய்ச்சல் இருந்தால் முதலில் அது குணமாக வேண்டும்.

நம்பிக்கையும் நிஜமும்

"ஒரு தடவை குட்டி போட்டாத்தான் நாய்க்கு நல்லது." இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

"ஊசி போட்டா பருவம் வராது, ஆபரேஷன் எதுக்கு?" பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசிகள் கருப்பைச் சீழுக்கும் மடிக் கட்டிக்கும் வழி செய்யக்கூடியவை. திரும்பத் திரும்பப் போடுவது ஆபத்து.

"ஆபரேஷன் பண்ணினா காவல் காக்காது." வீட்டைக் காக்கும் குணம் இதனால் போகாது. உடம்பு போட வாய்ப்பு உண்டு. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, தினமும் நடக்க வைத்தால் போதும்.

"கருத்தடை பண்ணியாச்சு, இனி வெறிநாய்க்கடி பயம் இல்லை." இது மிகத் தவறு. மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, அதன்பின் வருஷா வருஷம் என்று தடுப்பூசி தொடர வேண்டும்.

லீவு பார்த்துத் தேதி குறியுங்கள்

அறுவை சிகிச்சையில் சினைப்பையும், பெரும்பாலும் கருப்பையும் அகற்றப்படும். முழு மயக்கத்தில் செய்வதால் எத்தனை மணி நேரம் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு அப்படியே செய்யுங்கள். அதற்குப் பிறகு 10 முதல் 14 நாள் தையலை நாய் நக்காமல், குதிக்காமல், நனையாமல் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இருவரும் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்றால், வார விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்துத் தேதி குறியுங்கள். இல்லாவிட்டால் மாமியாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொள்ள முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். கழுத்தில் மாட்டும் கூம்பை இரக்கப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். தையலைத் தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், வீக்கமோ சீழோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வசதி.

எங்கே போவது?

2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் வரும். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரியுங்கள். அறுவை வசதி எல்லா இடத்திலும் இருக்காது. அங்கே இல்லை என்றால் எந்தக் கால்நடை மருத்துவமனைக்கு, என்றைக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். கால்நடைகளுக்கான அவசர உதவிக்குக் கட்டணமில்லா எண் 1962.

தெருநாய் என்றால், பொறுப்பு உங்கள் நகராட்சி, மாநகராட்சி அல்லது ஊராட்சிக்கு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போடுவது உள்ளாட்சியின் வேலை. காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அர்த்தம். இந்த முறைக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே இதைத் தொடங்கியது.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் போன் காலண்டரைத் திறந்து, நாய் பிறந்த மாதத்தோடு ஐந்து மாதம் கூட்டி, அந்த நாளில் "மருத்துவரைப் பார்க்கணும்" என்று குறித்து வையுங்கள். நாய் பருவத்துக்கு வந்துவிட்டது என்றால், ரத்தம் முதலில் தெரிந்த நாளைக் குறியுங்கள். மருத்துவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.