900 ஆண்டு பேசும் புத்தகம்; 16 ஆண்டில் ஊமையான தட்டு!

இங்கிலாந்தை ஒரு காலத்தில் வில்லியம் என்ற ராஜா ஆண்டார். அவர் நார்மண்டிக்காரர். 1066-ம் ஆண்டு படையோடு கடல் கடந்து வந்து அந்த நாட்டைப் பிடித்தார்.

நாட்டைப் பிடித்தாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? யாரிடம் எவ்வளவு நிலம்? எத்தனை ஏர்? எத்தனை மாவு ஆலை? எல்லாம் வரி போடத்தான்!

1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் ராஜா உத்தரவு போட்டார். அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். 1086-ல் கணக்கு சேர்ந்தது. ஆட்டுத் தோலைப் பதப்படுத்திச் செய்த ஏடுகளில், லத்தீன் மொழியில் எழுதி வைத்தார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு மக்கள் வைத்த பெயர் "டூம்ஸ்டே". கடவுள் தீர்ப்புச் சொல்லும் கடைசி நாள் என்று அர்த்தம். அதில் எழுதியது எழுதியதுதான், அப்பீல் கிடையாது!

புத்தகத்தை இரும்புப் பட்டை போட்ட பெட்டியில் பூட்டி வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று அதிகாரிகளிடம் இருந்தன. மூவரும் வந்தால்தான் திறக்கும்.

இன்று அது லண்டன் கியூ பகுதியில், தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கால லத்தீன் தெரிந்தவர் இன்றும் அதைப் படிக்கலாம். கண்ணும் வெளிச்சமும் போதும்.

பத்து லட்சம் பேர்

அந்தப் புத்தகத்துக்கு 1986-ல் 900 வயது. அதைக் கொண்டாட பி.பி.சி. நிறுவனம் ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. இந்தத் தடவை எழுதியது ராஜாவின் அதிகாரிகள் அல்ல. பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கு கொண்டார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

நாட்டை 4 கிலோ மீட்டருக்கு 3 கிலோ மீட்டர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அங்கே இருப்பவர்களே எழுத வேண்டும். ஊரில் என்ன கடை இருக்கிறது, அப்பா என்ன வேலைக்குப் போகிறார், சாயங்காலம் என்ன விளையாட்டு என்று பிள்ளைகள் எழுதினார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு தேசத்தின் அன்றாட வாழ்க்கை சேர்ந்துவிட்டது!

இதைத் தோல் ஏட்டிலா எழுதுவார்கள்? பளபளக்கும் இரண்டு லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது. அதைப் படிக்கத் தனி இயந்திரம். அதோடு சேர ஏக்கார்ன் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்று. செலவு மொத்தம் 25 லட்சம் பவுன்.

ஒரு செட்டின் விலை சுமார் 5,000 பவுன். பல பள்ளிக்கூடங்களால் வாங்க முடியவில்லை. எழுதிய பிள்ளைகளே தாங்கள் எழுதியதைப் பார்க்கவில்லை. இதைவிடப் பரிதாபம் உண்டா?

ஊமையானது

விற்பனை இல்லாத பொருளை யார் தயாரிப்பார்கள்? அந்த இயந்திரங்கள் சந்தையில் இருந்து மறைந்தன. இருந்தவையும் பழுதாயின. 2002-ல் பார்த்தால், வேலை செய்யும் செட் அபூர்வமாகிவிட்டது.

தட்டு உடையவில்லை. எழுத்து அழியவில்லை. அதைப் படிக்கும் இயந்திரம்தான் இல்லை!

நல்ல வேளையாக, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் கை கொடுத்தன. அங்குள்ள நிபுணர்கள் பழைய இயந்திரத்தைத் தேடி அலைவதோடு நிற்கவில்லை. புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டர் வேஷம் போட்டார்கள். அதே மாதிரி பேசும், அதே மாதிரி நடக்கும். 2002-ல் அந்த வேஷக்காரக் கம்ப்யூட்டர் டூம்ஸ்டேயைப் படித்துக் காட்டியது.

பிறகும் தொல்லை தீரவில்லை. ஒரு நிபுணர் தட்டில் இருந்ததைப் பெயர்த்து எடுத்து 2004-ல் இன்டர்நெட்டில் வைத்தார். 2008-ல் அவர் திடீரென்று இறந்தார். அதுவும் நின்றது. 2011-ல் பி.பி.சி.யே ஒரு தட்டின் விஷயங்களை வெளியிட்டது. 2018-ல் அந்த ஏற்பாடும் முடிந்து, தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜாவின் புத்தகம் இருக்கும் அதே காப்பகம்தான்.

அனுமதியும் ஒரு சிக்கல். எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை எழுத்தின் உரிமை அவர் குடும்பத்துக்கு. இது இங்கிலாந்துச் சட்டம். அந்தத் தட்டுக்கு எழுதிய ஒருவர் 2020-ல் இறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2090 வரை உரிமை உண்டு! பத்து லட்சம் பேரிடம் யார் போய்க் கேட்பது?

மாயக் கம்ப்யூட்டர்

வேஷம் போடும் இந்த வித்தைக்கு உறவான இன்னொரு வித்தை இன்று உலகத்து ஆபீஸ்களில் எல்லாம் நடக்கிறது. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் இருபது, முப்பது மாயக் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. நிபுணர்கள் "விர்ச்சுவல் மெஷின்" என்பார்கள். ஒன்று சம்பளக் கணக்குப் போடும். ஒன்று சரக்குக் கணக்குப் போடும். தொட்டுப் பார்க்க உருவம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு கட்டுக் கோப்பு, அவ்வளவுதான்.

புதுக் கணக்கு முறை வந்ததும் பழைய மாயக் கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஆனால் தூக்கி எறிவதில்லை. வரி இலாகா கேட்கலாம். கோர்ட்டு கேட்கலாம். ஓய்வு பெற்ற சிப்பந்தி ஒருவர் பென்ஷனுக்காக, "நான் அந்த வருஷம் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கொடுங்கள்" என்று வந்து நிற்கலாம்.

அதனால் அதை அப்படியே கட்டி மூலையில் வைக்கிறார்கள். எட்டு வருஷம் கழித்து எழுப்பினால் எழுந்திருக்குமா?

அங்கேதான் மறுபடியும் மூன்று பூட்டு!

நகல் எடுத்த பேக்கப் புரோகிராம் அதைத் தன் பாணியில் கட்டி வைத்திருக்கும். அதே புரோகிராம்தான் அவிழ்க்க வேண்டும். அதற்கு லைசென்ஸ், அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டியிருக்கலாம். சில கம்பெனிகள் மாயக் கம்ப்யூட்டர்களைத் தலை எண்ணிக் காசு வாங்குகின்றன. "தூங்குகிற கம்ப்யூட்டருக்கு எதற்குச் சந்தா?" என்று கணக்கப்பிள்ளை கேட்பார். நியாயமான கேள்விதான். சந்தாவை நிறுத்திவிடுவார். பழைய கட்டை அவிழ்க்கச் சந்தா தேவையா, இல்லையா? கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது, மாயக் கம்ப்யூட்டரைத் தாங்கும் புரோகிராம். இதில் பெயர் பெற்ற வி.எம்.வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. ஒரே தடவை பணம் கட்டிக் காலமெல்லாம் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை அடுத்த மாதமே நின்றது. புதிதாக வாங்குவோருக்குச் சந்தா என்று ஆனது.

மூன்றாவது, உள்ளே இருக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படைப் புரோகிராம். பெரிய ஆபீஸ்களில் இதற்கு அனுமதி கொடுக்கவே ஒரு கம்ப்யூட்டர் இருப்பதுண்டு. அது கொடுக்கும் அனுமதி 180 நாள் செல்லும். பிறகு மறுபடி கேட்க வேண்டும். எட்டு வருஷம் தூங்கி எழுந்த கம்ப்யூட்டர் யாரிடம் போய்க் கேட்கும்? அனுமதி கொடுத்த கம்ப்யூட்டரையே எடுத்திருப்பார்கள்! பாஸ்வேர்டோ, வேலையை விட்டுப் போன ஒருவருக்கு மட்டும் தெரியும்.

விவரம் தெரிந்த ஆபீஸ்கள் கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுக்கும் முன்பே முக்கியமான கணக்குகளைச் சாதாரண எழுத்தாக வெளியே எடுத்துவிடுகின்றன. எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கும் எழுத்து. மீதியைக் கட்டும்போது பொதுவான கட்டு முறையில் கட்டுகின்றன. ஓ.வி.எஃப். என்ற அந்த முறை 2011-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. லைசென்ஸ் காகிதம், புரோகிராமின் மூலப் பிரதி, பாஸ்வேர்டு எல்லாம் கூடவே போகும்.

பிறகு வருஷத்துக்கு ஒரு நாள், வெளித் தொடர்பைத் துண்டித்துவிட்டு அதை எழுப்பிப் பார்க்கிறார்கள். ஒரு பழைய சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். வந்தால் அணைத்துவிட்டு மறுபடி கட்டி வைக்கிறார்கள். வராவிட்டால், சாவி தெரிந்தவர் இன்னும் வேலையில் இருக்கும்போதே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.