உறைகளின் கதை – 6: பிரிக்க முடியாத மூன்று படலங்கள்

தகர டப்பாவில் வந்துகொண்டிருந்த முகப்பவுடரைக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வாங்கிப் பூச வேண்டுமானால் என்ன செய்வது? கடலூரில் மருந்துப் பொருள் வியாபாரம் செய்துவந்த சின்னிகிருஷ்ணன் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கினார். மாதச் சம்பளக்காரர் புட்டி வாங்கலாம். அன்றாடங்காய்ச்சிக்கு அன்றைக்கு வேண்டியது மட்டும் போதும். பேதி உப்பையும் பவுடரையும் சின்னச் சின்ன பாக்கெட்டில் போட்டு விற்றார். அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் அதே வழியில் 'வெல்வெட்' ஷாம்புவைக் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு பிரிந்துவந்து, அப்பாவின் பெயரெழுத்துகளைச் சேர்த்து 'சிக்' என்று ஒரு ஷாம்பு போட்டார். காலி பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அவர் அறிவித்த திட்டம் கிராமங்களில் பிடித்துக்கொண்டது. பன்னாட்டு நிறுவனங்களும் பிறகு அதே பாதைக்கு வந்தன.

வணிக மேலாண்மை வகுப்புகளில் இதை விலை பற்றிய பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இது பாதிக் கதை. ஆறு மில்லி ஷாம்பு மாதக் கணக்கில் கடை வாசலில் சரமாகத் தொங்கி, வெயிலில் காய்ந்து, பஸ் கூரையில் மூட்டையாக நசுங்கி, அதற்குப் பிறகும் கசியாமல் இருந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம் உண்டு. அதைச் சாதித்தது ஒரு ஃபிலிமும் ஒரு மெஷினும்.

வீட்டிலுள்ள மசாலாத்தூள் பாக்கெட் ஒன்றின் மூலையைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். வெளியே கண்ணாடி போன்ற ஒரு படலம் தனியாக எழும்பும். பெரும்பாலும் அது பாலியெஸ்டர். கனம் 12 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. எழுத்தும் படமும் அதன் வெளிப்பக்கத்தில் இல்லை, உள்பக்கத்தில் இருக்கின்றன. கண்ணாடியில் எழுதுவதுபோல் இடம்வலமாகத் திருப்பி, வண்ணங்களை முதலில் அச்சடித்து, வெள்ளையைக் கடைசியாகப் பூசுகிறார்கள். எத்தனை கை பட்டாலும் மை அழியாததற்கு இதுதான் காரணம். நடுவில் பளபளக்கும் அலுமினியத் தடுப்பு. உள்ளே, பொருளைத் தொடும் பக்கத்தில், மெத்தென்ற பாலித்தீன். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் இளகிவிடும். இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள். இந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது.

நடுவிலுள்ள அலுமினியத்தில் இரண்டு வகை. ஒன்று அசல் தகடு, அதாவது ஃபாயில். மற்றொன்று, வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி ஃபிலிம்மேல் படியவிட்டது. அந்தப் பூச்சு ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, விரித்து, எரியும் பல்புக்கு நேராகப் பிடித்தால் விளக்கு மங்கலாகத் தெரியும், அது ஆவிப்பூச்சு. ஃபாயில் போட்ட காபித்தூள் உறையில் ஊசிமுனை ஓட்டைகள் இருந்தாலொழிய வெளிச்சம் வராது. காபியின் மணம் போகக் கூடாது, ஆகவே ஃபாயில். சிப்ஸுக்கு ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே வராமல் இருந்தால் போதும். எண்ணெயில் காறல் வாடை அடிக்காமலிருக்க உள்ளே நைட்ரஜனை அடைத்துவிடுகிறார்கள். பாக்கெட்டில் காற்றை விற்று ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்த வாயு இல்லையென்றால் நமக்கு வருவது சிக்கெடுத்த நொறுக்குத் துகள்தான்.

அச்சு முடிந்த ஃபிலிமையும் மற்றப் படலங்களையும் பசை தடவி ஒட்டுவதுதான் லேமினேஷன். ஒட்டிய ரோல்களை உடனே வெட்ட முடியாது. சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான அறையில் ஒன்றிரண்டு நாள் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் படலங்கள் பிரிந்துவரும், பசை வாடையும் பொருளில் ஏறும். அச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. கிராவியூர் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாக ஒரு சிலிண்டர் வேண்டும். இரும்பு உருளையில் செம்பு பூசி, நுண்குழிகள் வெட்டி, மேலே குரோமியம் ஏற்றுவார்கள். எட்டு வண்ணம் என்றால் எட்டு சிலிண்டர். அந்தச் செலவைத் தாங்க டன் கணக்கில் ஃபிலிம் எடுக்க வேண்டும். சுயஉதவிக் குழுப் பெண்கள் போடும் ஊறுகாயும் சத்துமாவும் இன்னமும் வெறும் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டி வருவதற்கு இதுதான் காரணம். அதைத் தரக்குறைவு என்று ஒதுக்குவது அநியாயம்.

இனி மெஷின். பாக்கெட் பாக்கெட்டாகச் செய்து வைத்துக்கொண்டு பிறகு நிரப்புகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ரெடிமேட் பவுச்சில் அப்படித்தான். ஆனால் கடையில் பார்க்கும் பெரும்பாலான பாக்கெட்டுகள், பொருள் விழும் அந்த நொடியில்தான் உருவாகின்றன. ரோலிலிருந்து ஓடிவரும் தட்டையான ஃபிலிம் ஒரு சட்டைக் காலர்போல வளைந்த தகட்டின்மேல் ஏறி, நடுவிலுள்ள குழாயைச் சுற்றிக்கொண்டு இறங்கும். இரு ஓரங்களும் முதுகுப்பக்கம் சேர, நெட்டுக்கு ஒரு சீலிங் விழும். கீழே குறுக்காக இரண்டு சூடான தாடைகள் கவ்வும், 'ஜா' என்பார்கள். அதே கவ்வலில் மேல் பாக்கெட்டுக்கு அடியும் கீழ் பாக்கெட்டுக்கு வாயும் ஒட்டிவிடும், நடுவில் கத்தி வெட்டும். தூளுக்குத் திருகு, பருப்புக்கு அளவுக்கிண்ணம், எண்ணெய்க்குப் பிஸ்டன் என்று மேலே நிரப்பும் பாகம் மட்டும் மாறும். ஃபிலிம் ஓரத்திலுள்ள சின்னக் கறுப்புக் கட்டத்தை சென்சார் படித்துத்தான் படம் நடுவில் வெட்டுப்படாமல் காக்கிறது. ஷாம்புவுக்கு இதன் இன்னொரு உருவம்: இரண்டு ஃபிலிம்கள் எதிரெதிரே இறங்க, பல வரிசைகள் பக்கம் பக்கமாக நான்கு ஓரமும் ஒட்டப்பட்டு, சரமாகவே வெளியே வரும்.

இத்தனையிலும் உயிர்நாடி சீலிங்தான். மிளகாய்த்தூள் ஓட்டும்போது தூசி எழும்பி, நிலைமின்சாரத்தால் ஃபிலிம் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஜா கவ்வினால் பாலித்தீனும் பாலித்தீனும் சேராது. ஷாம்புவில் நாசிலிலிருந்து நூலாக இழுபடும் கடைசிச் சொட்டு அதே வேலையைச் செய்யும். 'சீலிங்ல மாட்டிக்கிச்சு' என்றால் அந்த வரிசை முழுக்க வேஸ்ட். பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே காற்றை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் கசிவு. அனுபவப்பட்ட ஆபரேட்டருக்கு அதுகூட வேண்டாம்; இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்தியே சொல்லிவிடுவார்.

தலையணை வடிவம், மூன்று பக்கம் ஒட்டியது, பக்கவாட்டில் மடிப்பு வைத்தது என்று உறைகளில் இன்னும் பல ரகம். நின்றுகொள்ளும் பவுச்சை 1960களில் பிரான்ஸில் உருவாக்கியவர் லூயி துவாயென். அடியில் ஃபிலிமை உள்மடித்து ஒட்டினால் பை தானே நிற்கும் என்று கண்டவர். இன்றைய சலவைத் திரவ ரீஃபில் பைகளும் குழந்தை உணவுப் பைகளும் அந்த மடிப்பின் வழிவந்தவை.

இவ்வளவு அருமையாக ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. துயரம் அங்கேதான் தொடங்குகிறது. பால் கவர் ஒரே ஜாதி பாலித்தீன். கழுவிக் கட்டி வைத்தால் பழைய பொருள் கடையில் எடைக்குக் காசு உண்டு, உருக்கிக் குருணையாக்கலாம். ஷாம்பு பாக்கெட்டைக் குனிந்து பொறுக்க எவருக்கும் காரணமில்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத பல்லடுக்கு உறைகளை இரண்டு ஆண்டில் ஒழிக்கச் சொன்னன. 2018இல் திருத்தம் வந்தது: எரித்து ஆற்றல் எடுக்கவோ வேறு எதற்காவது பயன்படுத்தவோ முடியுமானால் தடையில்லை. எரிக்க முடியாத பிளாஸ்டிக் ஏது? மூட்டைகள் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்குப் போகின்றன. ஓடையில் கிடப்பதற்கு அது மேல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை மறுசுழற்சி என்ற கணக்கில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

விடையாக இப்போது முன்வைக்கப்படுவது ஒற்றை இன ஃபிலிம். எல்லா அடுக்கும் பாலித்தீனே, அல்லது எல்லாம் பாலிப்ரோப்பிலீனே. வெளியடுக்கை இழுத்து நீட்டி விறைப்பாக்குகிறார்கள். இங்கேதான் அந்த உருகுநிலை இடைவெளி குறுக்கே வருகிறது. பாலியெஸ்டர் வெளியே இருந்தவரை ஜாவின் சூடு பத்து டிகிரி ஏறி இறங்கினாலும் பொறுத்துக்கொண்டது. வெளியேயும் பாலித்தீன் என்றால், சூடு கொஞ்சம் ஏறினாலும் வெளித்தோல் சுருங்கி ஜாவில் ஒட்டும். கொஞ்சம் குறைந்தாலும் வாய் திறந்துகொள்ளும். சூட்டை ஓரிரு டிகிரிக்குள் பிடித்து நிறுத்தும் கன்ட்ரோலர் வேண்டும். அல்லது நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் அதிர்ந்து உள்பக்கத்தை மட்டும் சூடாக்கும் அல்ட்ராசோனிக் சீலிங் வேண்டும். தூசி படிந்திருந்தாலும் அது ஒட்டும்.

பெரிய நிறுவனங்கள் இதைச் செய்துகொள்ளும். பத்து வருஷம் ஓடிய மெஷினை இரண்டாம் கையாக வாங்கி, வங்கிக் கடனும் கட்டிக்கொண்டு சாம்பார்ப்பொடி போடும் தொழில்முனைவோரிடம் போய் 'ஃபிலிமை மாற்று' என்று சொன்னால், ரோல் மாறும், மறுநாளே பாக்கெட்டுகள் கசியும், அவர் பழைய ஃபிலிமுக்கே திரும்புவார். உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் 2022 முதல் எத்தனை கிலோ போட்டாய், எத்தனை கிலோ திரும்ப எடுத்தாய் என்று கேட்கின்றன. கேட்க வேண்டியதுதான். அந்தக் கணக்கில் புரளும் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சிறு மெஷின்களின் ஜாவையும் கன்ட்ரோலரையும் மாற்றுவதற்கு மானியமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. முழு மெஷினையும் மாற்ற வேண்டிய அவசியம் பல இடங்களில் இருக்காது. கோயம்புத்தூரிலேயே பேக்கிங் மெஷின் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாற்றத்தை அவர்கள் பட்டறையிலேயே செய்துகொடுக்க முடியும்.

அடுத்த வாரம்: ஒரே படலத்தில் பாலைத் தாங்கும் ஆவின் பாக்கெட்.