பெயர்ப்பட்டியலில் பிறந்த பதிப்பகம்

திரைப்படம் முடியுந்தறுவாயில் வெண்திரையில் பெயர்கள் வரிசைவரிசையாக மேலேறி மறைகின்றன. நடித்தவர், இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், இசையமைத்தவர், உடை தைத்தவர் என நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு அப்பெயர்களுள் அடங்கிக் கிடக்கிறது. மக்களோ அவ்வேளையில் இருக்கையை விட்டெழுந்து வாயிலை நோக்கி விரைவர். அங்ஙனம் விரையாது அமர்ந்து, அப்பெயர்களைப் படித்துக் குறித்துவைத்த சிலரால் உருவானதே ஐ.எம்.டி.பி. என்னும் இணையத் திரைப்படத் தகவல் தொகுப்பு. தாளும் மையும் இல்லாப் பதிப்பகம் அது. அச்சிட்ட நூல் ஒருமுறை வெளிவந்தபின் மாறாது. இதுவோ நாள்தோறும் திருத்தம் பெறுவது.

இத்தொகுப்பை நிறுவியவர் 1967-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த கோலின் நீடம் என்பவர். இளமையிலேயே அவருக்குத் திரைப்படத்தின்மீதும் கணிப்பொறியின்மீதும் தணியா வேட்கை இருந்தது. ‘ஏலியன்’ என்னும் படத்தின் ஒளிநாடா இரு வாரங்கள் தம் வீட்டில் இருந்தபொழுது, நாளுக்கு ஒருமுறையாகப் பதினான்கு முறை அதனைப் பார்த்தார் என்பர். பார்த்த படங்கள் பெருகப் பெருக, எதனைப் பார்த்தோம், எதனைப் பார்க்கவில்லை என்பதே அவருக்கு மறக்கலாயிற்று. ஆகவே, படத்தின் பெயரையும் அதில் பணியாற்றியோர் பெயர்களையும் கணிப்பொறியில் பதிந்துவைக்கத் தொடங்கினார். தம் மறதிக்குத் தாமே தேடிக்கொண்ட மருந்து பிற்காலத்தில் உலகினர்க்கெல்லாம் பயன்படும் என்று அவர் அன்று எண்ணியிருக்க இயலாது.

அக்காலத்தில் இணையத்தின் முன்னோடியாக யூஸ்நெட் என்னும் செய்திப் பரிமாற்ற அமைப்பு விளங்கிற்று. அதில் திரைப்பட ஆர்வலர் குழு ஒன்று இயங்கிவந்தது. அக்குழுவினருள் ஒருவர் நடிகையர் பட்டியலைத் தொகுத்தார். மற்றொருவர் நடிகர் பட்டியலைத் தொகுத்தார். இன்னொருவர் இயக்குநர் பட்டியலை மேற்கொண்டார். பட்டியல்கள் வளர்ந்தன. ஆனால், ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே கிடந்தன. ஒரு படத்தில் நடித்தோர் அனைவரையும் அறிய விரும்பினால், ஆயிரக்கணக்கான வரிகளை ஒருவர் கண்ணால் துழாவ வேண்டியிருந்தது. நெல் மிகுந்தும் அளக்க மரக்கால் இல்லாத களம்போல் இருந்தது அந்நிலை.

மரக்காலைச் செய்து கொடுத்தவர் நீடம். பிரிஸ்டல் நகரில் கணிப்பொறி வல்லுநராகப் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், பட்டியல்கள் அனைத்தையும் ஒருங்கே தேடும் நிரல்களை எழுதி, 1990 அக்டோபர் 17-ஆம் நாள் யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு இலவசமாக வெளியிட்டார். பெயரைச் சொன்னால் படங்கள் வரும். படத்தைச் சொன்னால் பெயர்கள் வரும். இவ்வளவே அவர் செய்தது. எனினும் சிதறிக் கிடந்த பட்டியல்களை ஒரு நூலாகக் கோத்தது இச்செயலேயாகும். அன்று அப்பட்டியல்களில் ஏறத்தாழப் பதினாயிரம் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இருந்தன. 1993-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டிலுள்ள கார்டிப் பல்கலைக்கழகக் கணிப்பொறியின் வாயிலாக இத்தொகுப்பு வலைத்தளமாக மலர்ந்தது.

பிரிவுக்கு ஒருவராகப் பொறுப்பாளர் இருந்தனர். பல நாடுகளிலும் வாழ்ந்த அவர்கள் பகலில் வேறு தொழில் பார்த்து, இரவில் இப்பணியைச் செய்தனர். வாசகர் அனுப்பும் செய்திகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சேர்ப்பது எளிய வேலையன்று. ஒரே பெயருடையோர் பலர் இருப்பின் என் செய்வது? பெயருக்குப் பின் ரோமானிய எண்களை இட்டு, இவர் முதல்வர், இவர் இரண்டாமவர் எனப் பிரித்தனர். தமிழ்ப் படங்களைப் பதியும்பொழுது இத்தொல்லை இரட்டித்தது எனலாம். தலைப்பெழுத்தை ஒருவர் முன்னே எழுதுவார், ஒருவர் பின்னே எழுதுவார், ஒருவர் எழுதாமலே விடுவார். ஒரே மனிதர் இருவராகிவிடுதலும், இருவர் ஒருவராகிவிடுதலும் எளிதில் நேரக்கூடும்.

புகழ் வளர வளர இடரும் வளர்ந்தது. நாடுவோர் தொகை பெருகியதால் பல்கலைக்கழகக் கணிப்பொறிகள் சுமை தாங்கமாட்டாமல் திணறின. தளத்தை மூடுவதா? காண்போரிடம் கட்டணம் பெறுவதா? விளம்பரத்தை ஏற்பதா? பொறுப்பாளர்கள் விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, 1996 ஜனவரியில் இதனை ஒரு நிறுமமாகப் பதிவு செய்தனர். பங்குகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். நீடம் தம் வேலையைத் துறந்து முழுநேரமும் இதற்கே உழைத்தார். விளம்பரப் பணத்தால் வாழும் பதிப்பகத்துக்குப் பெரிய கட்டடமும் வேண்டா, அச்சுக்கூடமும் வேண்டா. வேண்டுவன கணிப்பொறிகளும், ஓயாது வந்துபோகும் வாசகருமே.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. பட்டியலை நிரப்பியோர் பொறுப்பாளர் மட்டுமல்லர். ஊதியம் எதுவும் எதிர்பாராது செய்தி அனுப்பிய ஆயிரக்கணக்கான வாசகரும் ஆவர். பொதுவில் விளைந்ததைச் சிலர் உடைமையாக்குவது முறையோ? இசைத்தட்டுகளின் பாடற்பட்டியலைத் திரட்டிய சி.டி.டி.பி. என்னும் தொகுப்பும் இவ்வாறே தொண்டர் உழைப்பால் வளர்ந்து பின் வணிகமாயிற்று. அப்பொழுது மனம் புழுங்கியவர்கள் ‘ஃப்ரீடிபி’, ‘மியூசிக்பிரெய்ன்ஸ்’ என்னும் வேறு தொகுப்புகளைப் பொதுவுடைமையாகத் தொடங்கிவிட்டனர். ஐ.எம்.டி.பி. அத்தகைய பிளவுக்கு ஆளாகவில்லை. தன் பட்டியல்களை வணிகமல்லாத சொந்தப் பயனுக்கு எவரும் படியெடுத்துக்கொள்ள அது தொடர்ந்து இசைவளித்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். வினா மட்டும் தீர்ந்தபாடில்லை.

1998 ஏப்ரலில் அமெரிக்க வணிக நிறுவனமான அமேசான் இதனை வாங்கியது. இதனையும் ஐரோப்பியப் புத்தக வணிகத் தளங்கள் இரண்டனையும் சேர்த்து அது கொடுத்த விலை ஏறத்தாழ ஐந்தரைக் கோடி டாலர். திரைப்பட ஒளிநாடாக்களை விற்க எண்ணியவர்க்கு, படங்களை ஆர்வத்தோடு தேடுவோர் நாளும் கூடும் இடம் பெருஞ் சந்தையன்றோ! அதன்பின் ஒரு தளம் குடும்பமாயிற்று. திரைத்தொழிலில் உள்ளோர் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் ‘ஐ.எம்.டி.பி. புரோ’ 2002-இல் தோன்றியது. படங்களின் வசூலைக் கணக்கிடும் ‘பாக்ஸ் ஆபீஸ் மோஜோ’ 2008-இல் வந்து சேர்ந்தது. திரைப்பட விழாக்களுக்குப் படங்களை அனுப்ப உதவிய ‘விதவுட்டபாக்ஸ்’ அதே ஆண்டில் சேர்ந்து, 2019-இல் மூடப்பட்டது.

இத்தளத்தை நாடுவோருட் பலர் முதலிற் பார்ப்பது படத்துக்குரிய மதிப்பெண்ணையே. வாசகர் ஒவ்வொருவரும் ஒன்று முதல் பத்து வரை எண் அளிக்கலாம். வெறும் சராசரியை வைத்துச் சிறந்த படங்களை வரிசைப்படுத்தினால், உறவினர் பதின்மர் மட்டும் பத்துப் பத்தாக வாரி வழங்கிய படம் முதலிடம் பெற்றுவிடும். இதனைத் தடுக்க, ‘சிறந்த 250’ என்னும் வரிசைக்கு இத்தளம் ஒரு வாய்பாட்டை வெளியிட்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நடுத்தரமான எண்ணுடைய குறிப்பிட்ட தொகை வாக்குகளை முன்கூட்டியே சேர்த்துப் பின்னர்ச் சராசரி காண்பது அதன் உட்கருத்து. எளிமைக்காக, அவ்வாறு சேர்ப்பவை ஏழு மதிப்புடைய 1000 வாக்குகள் எனக் கொள்வோம். 100 பேர் வாக்களித்து 9.5 சராசரி பெற்ற படம், சேர்த்தபின் 7.2 அளவுக்கு இறங்கிவிடும். 9000 பேர் வாக்களித்து 8.5 பெற்ற படமோ 8.35-இல் நிற்கும். சிலர் கூடிச் செய்யும் ஆரவாரம் இவ்வாறு அடங்குகிறது. ஆயினும், பெருங்கூட்டமே திட்டமிட்டு வந்து வாக்களிக்குமாயின் இவ்வாய்பாடு ஒன்று மட்டும் போதாது; அதனாற்றான் பிற காப்பு முறைகளை வெளியிடாது மறைவாகவே வைத்துள்ளனர்.

பெயரைப் பதிந்தவர்கள் பிறந்த நாளையும் பதிந்தனர். இதனால் ஒரு வழக்கு மூண்டது. முதுமையைக் காரணம் காட்டித் தமக்கு வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்று நடிகர்கள், சிறப்பாக நடிகையர், நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். நடிகர் சங்கத்தின் ஆதரவோடு கலிபோர்னியா மாநிலம் 2016-இல் ஒரு சட்டம் இயற்றியது. இத்தகைய தளத்துக்குச் சந்தா செலுத்தும் கலைஞர் கேட்டுக்கொண்டால், அவர் வயதை அத்தளம் நீக்கிவிட வேண்டும் என்பது அதன் விதி. உண்மையான செய்தியை நீக்குமாறு அரசு கட்டளையிடுதல் பேச்சுரிமைக்கு முரணாகும் என்று ஐ.எம்.டி.பி. வழக்குத் தொடுத்தது. நடிகையரின் குறை பொய்யன்று. பதிப்பாளரின் வாதமும் பொய்யன்று. சட்டத்தைச் செயற்படுத்துவதற்கு 2017-இல் தடை விதித்த கூட்டாட்சி நீதிமன்றம், 2018-இல் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பாகுபாட்டை ஒழிக்க விரும்பும் அரசு, உண்மைச் செய்தியை வெளியிடுவோர் வாயை அடைப்பது தக்க வழியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜூன் மாதத்தில் அதனை உறுதி செய்தது.