நெய்த்துளியின் கீழ் வளர்ந்த கிருமி

1896-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பம்பாய் நகரத்தைப் பிளேக் என்னும் மகாமாரி பற்றிக்கொள்ள, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்த வேளையில், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் அறையொன்றில், ஒரு குமாஸ்தாவையும் சில பணியாட்களையும் மட்டுமே துணையாகக் கொண்டு, அந்த நோயின் கிருமியையே கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். ருஷ்ய சாம்ராஜ்யத்தின் ஒடெஸ்ஸா நகரில் 1860-இல் பிறந்த யூதரான வால்டெமர் ஹாஃப்கின்தான் அவர்.

குடுவையில் இறைச்சி ரசத்தை ஊற்றி, அதன்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டு அசையாமல் வைத்திருந்தால், பிளேக் கிருமிகள் நெய்யைப் பற்றிக்கொண்டு ஆலமரத்து விழுதுகளைப் போலக் கீழ்நோக்கித் தொங்கி வளர்கின்றன. மெல்லக் குலுக்கியதும் அவை உதிர்ந்து அடியில் படிய, மேலிருந்து புதியவை இறங்கத் தொடங்கும். இப்படிப் பல வாரங்கள் சேர்த்த கிருமிகளைச் சூடேற்றிக் கொன்று, அந்த ரசத்தையே ஊசி மருந்தாக்கினார். செத்த கிருமிக்கு நோயை உண்டாக்கும் வல்லமை இல்லை; ஆயினும் அதனைச் சந்தித்த சரீரம், பின்னர் உயிருள்ள கிருமி நுழையும்போது அதை எதிர்க்கும் சக்தியை முன்கூட்டியே பெற்றுவிடுகிறது. நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் நெய் இத்தகைய காரியத்துக்கும் பயன்பட்டதென்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

1897 ஜனவரி 10-ஆம் தேதி, பிறருக்குப் பின்னர் கொடுக்கப்பட்டதைவிட மிகுதியான அளவைத் தம் உடம்பிலேயே முதலில் செலுத்திக்கொண்டு, ஜுரத்தையும் வலியையும் அனுபவித்தார். இது அவருக்குப் புதிதன்று. பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் காலராத் தடுப்பு மருந்தைக் கண்டபோதும், 1892 ஜூலையில் இவ்விதமே செய்திருந்தார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்து பல்லாயிரம் பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தவரும் அவரே. பிளேக் மருந்தோ பைக்குலா சிறையில், தாமாக முன்வந்த கைதிகளிடம் பரீட்சிக்கப்பட்டு, ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடையேதான் நோயும் மரணமும் மிகுதி என்பதைக் காட்டிற்று.

ஆனால் 1902 அக்டோபரில், பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் ரணஜன்னியால் மாண்டனர். அவர்கள் அனைவருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அது செவ்வனே சுத்தி செய்யப்படாமலே மறுபடியும் உபயோகிக்கப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது என்பதை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அன்றியும், அக்கிருமி பம்பாயிலேயே புட்டிக்குள் புகுந்து பல நாள் வளர்ந்திருக்குமானால், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். அப்படி எதுவும் வீசவில்லை. இருந்தும் சர்க்கார் பழியை ஹாஃப்கின்மீதே சுமத்தி, உத்தியோகத்திலிருந்து அவரை விலக்கி வைத்தது. மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலான விஞ்ஞானிகள் லண்டன் பத்திரிகையில் எழுதி வாதாடிய பின்னரே, 1907-இல் அவர் நிரபராதி என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐந்தாண்டு அபவாதம், அதுவும் காரணம் கண்ணெதிரே கிடந்தபோது, மன்னிக்கத்தக்க தாமதமென்று எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் பணிபுரிந்தாலும், தாம் உருவாக்கிய பம்பாய்ச் சோதனைச்சாலையின் தலைமை அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. 1925-இல் அதற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினார்கள். அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். 1930-இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.